கூப்பிடும்போது வரலாம்

பாலிக் புலாவ்
4 மார்ச் 2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

சந்திரசேகரன் எழுதுகிறேன். இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் படி ஏறவிடுவதில்லை. உங்களுக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? பிரிஸ்பேனில் தர்ஷிகா சுகமா?

இருபத்தாறு வருடங்களாக நீங்கள் என்னோடு பேசியதில்லை. போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுவீர்கள். ஆனால் வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கமாட்டீர்கள் என்று அண்ணன் உயிரோடிருந்தபோது சொல்லியிருக்கிறார். கான்வென்டில் அப்படிப் பழக்கினார்களாம். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

தனம் கோலாலம்பூரில் மகள் அனுஜாவோடு இருக்கிறாள். செப்டம்பர் எட்டாம் தேதி அனுஜாவுக்குக் கல்யாணம். புடவை எடுக்கிற வேலையெல்லாம் இருக்கிறது, திரும்ப நாளாகும். அதுவரை வீடு என் பொறுப்பு. துறைமுகத்தில் முப்பது வருடம் தலைமைக் கிளார்க்காக இருந்தவன் நான். ஒரு வீட்டை நடத்துவது பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்தேன்.

சோறு ஒரு நாள் கஞ்சியாகிறது, மறுநாள் கல்லாகிறது. அரிசிக்கு எவ்வளவு தண்ணீர்? வெள்ளை வேட்டிகள் மூன்றும் ரோஸ் நிறமாகிவிட்டன. பக்கத்து வீட்டு சலேஹா கொடியில் பார்த்துவிட்டு, "அங்கிள், புதுக் கலர் அழகா இருக்குலா!" என்று சிரிக்கிறாள். என்ன செய்வது? கறிவேப்பிலை மரத்துக்கு வாஷிங் மெஷின் தண்ணீரை வீணாக்காமல் விடுகிறேன். அப்படியும் இலை உதிர்கிறது. ஏன்?

வேறு யாரைக் கேட்டாலும் கோயிலில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குத்தான் யாரோடும் அதிகப் பேச்சில்லை.

உங்கள் கொழுந்தன்,
சந்திரசேகரன்


தண்ணீர்மலை ரோடு
9 மார்ச் 2024

திரு. சந்திரசேகரன் அவர்களுக்கு,

நலம். இரத்த அழுத்தம் டாக்டர் சொன்ன அளவில் இருக்கிறது. முழங்காலைப் பற்றி விசாரிக்காமல் விடுவது முறையல்ல என்பதால் கேட்கிறேன்: வலி குறைந்ததா?

கடிதம் வந்தது, பதில் எழுதுகிறேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஏழு பிழைகள். சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அரிசியை மூன்று தண்ணீரில் களையுங்கள். நடுவிரல் நுனி அரிசியைத் தொடும்படி நிறுத்துங்கள். தண்ணீர் விரலின் முதல் ரேகை வரை வரவேண்டும். இதைப் பிள்ளைகள் ஏழு வயதில் தெரிந்துகொள்வார்கள். உங்களுக்கு எழுபத்திரண்டு.

வேட்டிகளைச் சிவப்புத் துவாலையோடு போட்டிருப்பீர்கள். இனி மெஷின் வேண்டாம், கையால் துவையுங்கள். வெயிலில் போட்டு, எடுத்து, மறுபடியும் கையால். மூன்றுக்கும் ஒரு முழுக் காலை போகும்.

கறிவேப்பிலையைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கொல்கிறீர்கள். அரிசி களைந்த தண்ணீரை ஒரு பகல் புளிக்கவிட்டு ஊற்றுங்கள். இலையை ஒவ்வொன்றாகப் பிய்க்காதீர்கள், ஈர்க்கோடு ஒடியுங்கள்.

பின்பக்கத்து லோங்காங்கில், அந்தக் கழிவுநீர்க் காலில், பாசி பிடித்திருக்கும். வாரத்தில் இரண்டு நாள் குனிந்து, தும்புத்தடியால் தேய்த்துக் கழுவவேண்டும். நீங்கள் இதைக் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

யாரோடும் எனக்கு அதிகப் பேச்சில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். யாரால் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

தனலெட்சுமியை விசாரித்ததாகச் சொல்லவும்.

செல்வநாயகி விஸ்வலிங்கம்


தண்ணீர்மலை ரோடு
10 மார்ச் 2024

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

அம்மா சுகம். மாப்பிள்ளைக்கு முதுகு வலி குறைந்ததா? ஈரத் தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதே.

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உன் சித்தி இருக்கிறாள். ஆம், தனம் சித்திதான். தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் பாலிக் புலாவ் பஸ்ஸில் ஒரு பையோடு வந்து கேட்டில் நின்றாள். "அக்கா, ஒரு வாரம் மட்டும்" என்றாள். உன் சித்தப்பா விருந்தாளிகள் முன்னால், "நாப்பத்திரண்டு வருஷமா இவளுக்கு ஒரு தேத்தண்ணி ஒழுங்காப் போடத் தெரியல" என்றாராம். அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறாள்.

அனுஜாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஊரில் எல்லோரிடமும் தனம் கோலாலம்பூரில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கும் அதையே எழுதி, சோறு ஆக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறார்! கடிதத்தைத் தனத்துக்கு வாசித்துக் காட்டினேன். "மூணு வேட்டியுமா அக்கா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதிலில் லோங்காங்கைச் சேர்க்கச் சொன்னது அவள்தான்.

உன் கல்யாணத்தன்று நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நீ மணவறையில் இருந்தாய். அப்பா போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. நான் பட்டுடுத்தி மண்டபத்து வாசலுக்கு வந்தபோது சித்தப்பா மறித்தார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. சபையில நல்லா இருக்காது. நீங்க பின்னால சமையற்கட்டுல இருங்க. கூப்பிடும்போது வரலாம்."

அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். நாதஸ்வரம் கேட்டது. கெட்டிமேளம் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. நான் பெற்ற மகளை அவரும் தனமும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். தாலியும் கூறைப்புடவையும் வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபை முழுவதும் சுற்றியது, சமையற்கட்டுக்கு வரவில்லை. தனம் மட்டும் தாலியை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஓடிவந்து, "தொடுங்க அக்கா, சீக்கிரம்" என்றாள். இந்த ஜனவரியில் அவளுக்குக் கேட்டைத் திறந்தது அந்த ஒரு நிமிடத்துக்காக.

இப்போது அனுஜாவின் கல்யாணம். மனைவி பக்கத்தில் இல்லாமல் அவரால் தாரை வார்க்க முடியாது. முந்நூறு பேர் முன்னால் தனியாக நிற்பார். அந்த மனைவியோ என் ஹாலில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

யாரிடமும் சொல்லாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசி.

உன் அம்மா


பாலிக் புலாவ்
20 மே 2024

அண்ணிக்கு வணக்கம்.

முழங்கால் நன்றாகக் குறைந்திருக்கிறது. லோங்காங் கழுவக் குனிந்து நிமிர்வதால் இருக்கும் என்கிறார் டாக்டர். நீங்கள் சுகம்தானே?

சோறு சரியாக வருகிறது. இரண்டு வேட்டி வெளுத்துவிட்டது, மூன்றாவதைக் கைபிடித் துணியாக்கிவிட்டேன். கறிவேப்பிலை துளிர்க்கிறது. இந்தக் கடிதத்தில் பிழை மூன்றுக்கு மேல் இருக்காது, நானே எண்ணிவிட்டேன்.

இப்போது சொதி. தேங்காய்ப்பால் ஒவ்வொரு முறையும் திரைந்துபோகிறது. ஏதோ ஒரு சாமானை விட்டுவிடுகிறேன் என்றும் தோன்றுகிறது, ருசி வரவில்லை. மல்லிகையில் ஒரு பூ இல்லை. தனம் இருக்கும்போது தினம் ஒரு தட்டுப் பூ இருக்கும், சுவாமிப் படத்துக்குப் போக மீதியைத் தலையில் வைத்துக்கொள்வாள்.

இன்னொன்று. நேற்று அனுஜா போனில், "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு ஒண்ணு சொல்லுங்கப்பா. ஒண்ணே ஒண்ணு" என்றாள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். எனக்குப் பிடித்தவைதான் வரிசையாக ஞாபகம் வருகின்றன. தனத்துக்கு என்ன பிடிக்கும் அண்ணி?

கொழுந்தன்,
சந்திரசேகரன்


தண்ணீர்மலை ரோடு
27 மே 2024

திரு. சந்திரசேகரன் அவர்களுக்கு,

நலம். முழங்கால் தேறியது அறிந்தேன். லோங்காங்கை நிறுத்தவேண்டாம்.

தேங்காய்ப்பால் விட்ட பிறகு சொதி கொதிக்கக்கூடாது. தீயைக் குறைத்து அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள். யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. எலுமிச்சம்புளியை இறக்கிய பிறகுதான் விடவேண்டும். நீங்கள் விட்ட சாமான் வெந்தயம். அடுப்புக்கு மேல் இரண்டாம் தட்டில் நீல மூடிப் போத்தலில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது கடுகு, மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். மிச்சமிருக்கும் இலைகளை உருவிவிடுங்கள். பத்து நாள் தண்ணீரைக் குறையுங்கள். பார்க்கப் பரிதாபமாக நிற்கும். அதற்காக மனம் இரங்கித் தண்ணீர் ஊற்றினால் இலைதான் வரும், பூ வராது.

தனலெட்சுமிக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

பிழைகள் நான்கு.

செல்வநாயகி விஸ்வலிங்கம்


பாலிக் புலாவ்
5 ஜூன் 2024

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், சுகமா?

வெந்தயம் இருந்தது. இரண்டாம் தட்டில், நீல மூடிப் போத்தலில், கடுகுக்குப் பக்கத்தில். போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன், சொதி திரைந்துவிட்டது. அந்தத் தட்டைப் போன தீபாவளிக்குத்தான் அடித்தேன். நீங்கள் என் வீட்டுப் படி மிதித்து இருபத்தாறு வருடம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உங்கள் கேட்டில் வந்து நின்றேன். பெல் அடித்தேன். திரை அசைந்தது. கொடியில் தனத்தின் மஞ்சள் கைத்தறிப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டு நூர்ஜான், "உள்ளேதான் இருக்காங்க, நல்லா அடிங்க அங்கிள்!" என்று தெருவுக்கே கேட்கச் சத்தம் போட்டாள். நாற்பது நிமிடம் வெயிலில் நின்றேன். நீங்கள் திறக்கவில்லை.

அவள் அனுஜாவிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் பொய் சொன்னது தப்புதான். ஆனால் என் மனைவியை ஒளித்து வைத்துக்கொண்டு, எனக்கு லோங்காங் கழுவக் கற்றுக்கொடுப்பது நியாயமா? அவளும் கூட இருந்து சிரித்தாளா?

கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவன் மணவறையில் தனியாக நின்றால் சபையில் நல்லா இருக்குமா? அவளை அனுப்பி வையுங்கள்.

சந்திரசேகரன்


தண்ணீர்மலை ரோடு
14 ஜூன் 2024

திரு. சந்திரசேகரன் அவர்களுக்கு,

நலம். வெயிலில் நின்றதில் தலைவலி வந்திருக்கும். வெறும் வயிற்றில் மாத்திரை போடவேண்டாம்.

போத்தலைப் பற்றி எழுதியது என் பிழை. தனம் சொல்லச் சொல்ல எழுதினேன், யார் வீட்டுத் தட்டு என்று யோசிக்கவில்லை. ஏழு பிழைக்கும் நான்கு பிழைக்கும் உங்களைத் திருத்தியவள், என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவள் சிரித்தாளா என்று கேட்டீர்கள். சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள்.

ஒளித்து வைக்கவில்லை. புடவை வெளியில்தான் காய்ந்தது. மூன்று மாதமாக எனக்கு எழுதினீர்கள். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டீர்கள். தனத்தை எங்காவது கண்டீர்களா என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை.

சபையில் நல்லா இருக்குமா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். பிறகு தனம் வாசித்தாள். அவளும் வாசலில் நின்று அந்த வார்த்தையைக் கேட்டவள்தான்.

அனுஜாவுக்காக மணவறைக்கு வருவதாகத் தனம் இன்று காலை சொன்னாள். நான் தடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் பங்குக்கு நான் கேட்பது இது. அழைப்பிதழில் என் பெயர் இருக்கவேண்டும். கூறைத் தட்டு, நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும், என்னிடம் வரவேண்டும். தனத்தின் கையாலோ பிள்ளைகள் கையாலோ அல்ல, உங்கள் கையால். முடியாது என்றால், மண்டபத்து வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவருக்கும் தனம் இத்தனை மாதம் எங்கே இருந்தாள், ஏன் இருந்தாள் என்று நானே சொல்லுவேன். எனக்கு யாரோடும் பேச்சில்லைதான். அன்று பேசுவேன்.

செல்வநாயகி விஸ்வலிங்கம்


பாலிக் புலாவ்
19 ஆகஸ்ட் 2024

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் உடம்பும் தனத்தின் உடம்பும் எப்படி இருக்கின்றன? அவளுக்கு இந்த மாதம் கண் டாக்டரிடம் போகவேண்டிய தவணை, அலமாரியில் சீட்டைப் பார்த்தேன்.

இரண்டு மாதம் எழுதாததற்கு முதலில் கோபம் காரணம். பிறகு கோபம் போய்விட்டது, வெட்கமாக இருந்தது. அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. உங்கள் பெயர் முதல் வரியில். தட்டை நானே கொண்டுவருவேன். முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

நண்டு.

பசாரில் மீன்கார அப்துல் ரஹீமைக் கேட்டேன். "அக்காவுக்கா? நண்டுக் கூடைகிட்ட வந்து நிப்பாங்க. நல்லதாப் பொறுக்குவாங்க, கையில தூக்கிப் பாப்பாங்க, திரும்ப வச்சிருவாங்க. 'ஐயாவுக்கு வாடை ஆகாது'ம்பாங்க. நானும் பதினஞ்சு வருஷமா பாக்கிறேன். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான்கு நண்டு வாங்கினேன். ஒன்று என் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. அதை எங்கே பிடிக்கவேண்டும் அண்ணி?

சந்திரசேகரன்


தண்ணீர்மலை ரோடு
11 செப்டம்பர் 2024

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

அம்மா சுகம். மாப்பிள்ளை ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடக்கிறாரா? நீ வர முடியாமல் போனதில் அனுஜாவுக்கு வருத்தம்தான், ஆனால் புரிந்துகொண்டாள்.

கல்யாணத்தை ஒழுங்காகச் சொல்கிறேன். அதே மண்டபம். முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது, வெல்வெட் உறை போட்டு. நான் அதைத் தாண்டி நடந்தேன். நேரே பின்பக்கம் போய், சமையற்கட்டில், அண்டாக்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சமையற்காரர் தயாளன் பதறிவிட்டார். "ஆன்ட்டி, இங்க புகைலா! முன்னால போங்க." "எனக்கு இந்த இடம் பழக்கம். நீங்கள் சாம்பாரைப் பாருங்கள்" என்றேன்.

திறந்திருந்த கதவு வழியாக மணவறை தெரிந்தது. தனமும் அவரும் தாரை வார்த்தார்கள். தனம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அனுஜாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூறைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கீழே இறங்கினார். என் நாற்காலி காலியாக இருந்தது. அங்கும் இங்கும் பார்த்தார். எங்கே இருப்பேன் என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

முந்நூறு பேர் திரும்பிப் பார்க்க, மண்டபத்தின் முழு நீளமும் அந்தத் தட்டோடு நடந்தார். பத்திருபது பேர் பின்னாலேயே வந்தார்கள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அடுப்புச் சூட்டில் என் முன்னால் நின்றார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"தொடுங்க அண்ணி" என்றார்.

நான் கண்ணாடியைத் தேடினேன். கைப்பையைத் திறந்தேன். கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்தேன். திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து வைத்தேன். இரத்த அழுத்த மாத்திரை, வீட்டுச் சாவி, ஒவ்வொன்றாக. மைக்கில் ஐயர், "முகூர்த்தம் போகுது, தட்டு எங்க?" என்றார். "அண்ணி, நேரம் போகுது" என்றார் இவர். நான் பையின் உள்ளறையைத் திறந்தேன்.

இந்த நேரத்தில் என்ன சொல்லவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து வைத்திருந்தேன். நீளமான பேச்சு, பல முறை திருத்திய பேச்சு. அதில் ஒரு வரியும் வரவில்லை. தட்டு ஒரு பக்கம் சாய்ந்து தேங்காய் உருளப் பார்த்தது.

"தட்டை நேராகப் பிடியுங்கள்" என்றேன்.

பிடித்தார். தாலியைத் தொட்டு, அனுஜா நன்றாக இருக்கவேண்டும் என்று மனதாரச் சொன்னேன். அவள் ஒரு குற்றமும் செய்யாதவள்.

சாப்பிட்டு முடிந்ததும் தனம் அவள் பையை எடுத்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

உன் அம்மா


பாலிக் புலாவ்
13 செப்டம்பர் 2024

அண்ணிக்கு வணக்கம்.

நான் சுகம். அன்று சமையற்கட்டின் சூடும் புகையும் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? இருமல் இல்லையே?

கண்ணாடி உங்கள் தலைமேல் இருந்தது அண்ணி. பார்த்துக்கொண்டேதான் நின்றேன். சொல்லவில்லை.

மல்லிகை பூத்திருக்கிறது. காலையில் பறிக்க ஆளில்லாமல் கீழே கொட்டுகிறது. நண்டை எங்கே பிடிக்கவேண்டும் என்பதை சலேஹா காட்டிக்கொடுத்தாள், பின்காலுக்கு மேலே. வாடையும் நான் நினைத்த அளவுக்கு இல்லை. தனத்தையும் உங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட ஆசை. வரச்சொல்லி எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இதுவரை யாரையும் நான் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம்.

சந்திரசேகரன்


தண்ணீர்மலை ரோடு
18 செப்டம்பர் 2024

திரு. சந்திரசேகரன் அவர்களுக்கு,

நலம். இருமல் இல்லை. தனமும் நலம், கண் டாக்டரிடம் கூட்டிப்போய் வந்துவிட்டேன்.

கண்ணாடி தலைமேல் இருந்தது எனக்குத் தெரியும்.

மாதக் கடைசி ஞாயிறு பதினொரு மணிக்கு இருவரும் வருகிறோம். தனம் மல்லிகையைப் பார்க்கவேண்டும் என்கிறாள். சாப்பிட்டுவிட்டு என்னோடு திரும்பிவிடுவாள். அடுத்த ஞாயிறைப் பற்றிக் கேட்டேன், "பாக்கலாம் அக்கா" என்றாள். நண்டுக்கு மிளகு தூக்கலாக இருக்கட்டும். சலேஹாவையும் கூப்பிடுங்கள். தேத்தண்ணி நீங்களே போடவேண்டும். எப்படி இருக்கிறது என்பதைத் தனம் எல்லோர் முன்னாலும் சொல்லுவாள்.

உங்கள் கடிதத்தில் இந்த முறை பிழை இல்லை. ஆகையால் திருப்பி அனுப்பவில்லை.

நாங்கள் முன் ஹாலில் உட்கார்ந்திருப்போம். நீங்கள் பின்னால் சமையற்கட்டில் இருங்கள். கூப்பிடும்போது வரலாம்.

செல்வநாயகி விஸ்வலிங்கம்